தோல்வி காணாத பதின்மூன்று தேர்தல்கள்



மு. கருணாநிதி 1957இல் குளித்தலையிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றம் சென்றார். நங்கவரம் உழவர்களின் துயரமே அங்கே அவரது தொடக்கப் பேச்சு. 1962இல் தஞ்சாவூர், பின்னர் சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் எனத் தொகுதிகள் மாறின. போட்டியிட்ட 13 தேர்தல்களிலும் வென்றார். எல்லாம் எளிய வெற்றியல்ல. 1980இல் அண்ணாநகரில் எதிர்த்து நின்ற எச்.வி. ஹண்டேயைவிட 699 வாக்குகளே அதிகம். 1991இல் துறைமுகத்தில் வித்தியாசம் 890. அவரது கட்சி படுதோல்வி அடைந்ததால் அந்த இடத்தையும் துறந்தார். ஈழத்தமிழர் பிரச்சினைக்காக 1983இல் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகியதும் நினைவில் நிற்க வேண்டியது. 1984 பொதுத்தேர்தலில் அவர் நிற்கவில்லை. 2016இல் திருவாரூரில் 68,366 வாக்குகள் வித்தியாசம். 2018 ஆகஸ்ட் 7இல் மறைந்தபோதும் அத்தொகுதியின் உறுப்பினர் அவரே.

— வாசகர், திருவாரூர்