மசகும் மெருகும்

இங்கிலாந்து தேசத்துக் கொவென்ட்ரி நகரில் ஜாகுவார் கம்பெனியார் இயற்றி, 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜினீவாவில் முதன்முதல் உலகினர்க்குக் காட்டிய ஈ-டைப் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் அழகைப் புகழ்ந்தெழுதிய காகிதங்களை ஒருங்கே அடுக்கினால், அவ்வடுக்கு வண்டியினும் உயர்ந்து நிற்கும். அழகை யாமும் மறுத்தோமல்லேம். நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடத்தார் 1996-இல் அவ்வண்டியொன்றைத் தம் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டனர், சேர்க்கத் தக்கதே. ஆயின், கலைக்கூடத்தில் நிற்கும் வண்டிக்கு மெருகு போதும். சாலையில் ஓடும் வண்டிக்கு மசகு வேண்டும். 1974 வரையில் செய்யப்பட்ட 72,000-க்கு மேற்பட்ட ஈ-டைப் வண்டிகளுள் இன்றும் ஓடுவன பல. அவற்றை உடையாருட் பலர், வண்ணத்திற்கும் குரோமியத்திற்கும் அளிக்கும் பொழுதை வண்டியின் அடியிலுள்ள மூட்டுக்களுக்கு அளிப்பதில்லை. இனி அளிக்கவே வேண்டுவதில்லை என்று சொல்லி விற்கப்படும் மூடிய மூட்டுக்கள் இவ்வசட்டையை வளர்க்கின்றன என்பது எமது கருத்து.

மூட்டு என்றது யாது? எஞ்சின் வண்டியின் முன்புறத்தில் உள்ளது. அதன் வலியைப் பெறவேண்டிய சக்கரங்கள் பின்புறத்தில், மேடு பள்ளத்திற்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் செல்கின்றன. வளையாத ஒரே தண்டு இவ்விரண்டையும் இணைக்கமாட்டாது. ஆகவே, தண்டு முடியும் இடங்களில் இரண்டு கவைகளை ஒன்றற்கொன்று குறுக்காக நிறுத்தி, இடையே ஒரு சிறு உருக்குச் சிலுவையை வைத்துப் பிணைத்தனர். சிலுவையின் நான்கு நுனிகளிலும் நான்கு கிண்ணங்கள். கிண்ணத்தினுள்ளே ஊசிபோல் மெலிந்த உருளைகள் வட்டமாக நிற்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினமையால் ஹூக் மூட்டு என்றும், அவர்க்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட இத்தாலியராகிய கார்டானோவின் பெயரால் கார்டன் மூட்டு என்றும் இது வழங்கும். மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சுருக்கிவிடுவர். நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்தையே நாள்தோறும் நோக்கியிருக்கும் எம்போல்வார்க்கு இஃது அயலான பொருள் அன்று. விகாரம் தோன்றுவது எப்பொழுதும் அவ்விடத்திலேதான்.

இம்மூட்டில் ஒரு விசித்திரம் உண்டு. செலுத்தும் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், வளைவுக்கு அப்பாலுள்ள தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். வளைவு 10 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவு ஏறியும் இறங்கியும் வரும். தண்டின் மறுகோடியில் மற்றொரு மூட்டை வைத்து, தண்டினுடைய இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நிற்குமாறு அமைத்தால், முன்னது செய்த கோணலைப் பின்னது நிமிர்த்திவிடும். ஆதலால், இரு துண்டாகப் பிரியும் தண்டைக் கழற்றுவோர் முதலில் இரு துண்டிலும் ஒரு கோடு கீறிக்கொள்ளல் வேண்டும். கோடு கீறாது கழற்றி, வாய்த்தவாறு பூட்டியவன் வண்டியின் நடுக்கத்திற்குக் காரணம் தேடிச் சக்கரத்தையும் டயரையும் குறை கூறித் திரிவான்.

ஈ-டைப்பில் இத்தகைய மூட்டுக்கள் ஆறு. கியர்பாக்ஸிலிருந்து பின்செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு. டிஃபெரென்ஷியலிலிருந்து இருபுறச் சக்கரங்களுக்கும் செல்லும் ஹாஃப் ஷாஃப்டுகளில் இரண்டிரண்டு. இந்நான்கையே யாம் வற்புறுத்திக் கூறுவோம். ஏனெனில், அவ்வண்டியில் ஹாஃப் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு அமையாது, சக்கரத்தின் மேற்பாகத்தை உள்ளும் புறமும் சாயவொட்டாமல் நிறுத்தும் கையாகவும் இருக்கின்றது. அவ்வேலைக்கெனத் தனி உறுப்பு வேறு இல்லை. சாதாரண வண்டியில் மூட்டுத் தேய்ந்தால் ஓசை உண்டாகும். இங்கே மூட்டுத் தேய்ந்தால் சக்கரமே நிலைகலங்கும். உட்புற மூட்டுக்களுக்கு அணித்தாகவே பிரேக் தட்டுக்கள் வைக்கப்பட்டிருத்தலின், அவற்றின் வெப்பமும் வந்து தாக்குகின்றது. வேகத்திற் செல்லும்போது இவற்றுள் ஒன்று முறிந்தால் நேர்வதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தனைக்கும் மருந்து ஒரு கிரீஸ் கன்னும் அரைமணி நேரமும். சிலுவையின் நடுவே துளையிட்டு, நிப்பிள் ஒன்றைப் பொருத்தியிருப்பர். முதலில் அந்நிப்பிளைத் துணியால் துடைத்தல் வேண்டும். துடையாது கன்னை வைப்பவன் மசகோடு மணலையும் உள்ளே செலுத்துகின்றான். லித்தியம் சேர்ந்த இரண்டாம் எண் கிரீஸ் இதற்கு ஏற்றது. கையால் மெல்ல அழுத்த, பழையது வெளிப்பட்டு, நான்கு கிண்ணங்களின் ஓரத்திலும் புதியது அரும்பும். மூன்றில் அரும்பி ஒன்றில் அரும்பவில்லையெனில் அத்துடன் விட்டுவிடுதல் தகாது. சக்கரத்தைச் சிறிது திருப்பி, மீட்டும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் வராவிடில் வழி அடைபட்டதென்று துணிந்து மூட்டைக் கழற்றுக. வெளிவரும் பழைய கிரீஸ் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே நீர் புகுந்து துருவேறியது என்பது பொருள். அம்மூட்டின் நாட்கள் எண்ணப்பட்டன. காற்றழுத்தத்தால் இயங்கும் கன்னை எடுத்து ஒரே நொடியில் முடிக்க விரும்புவோர், அழுக்கைத் தடுக்கும் ஸீலையும் பிதுக்கித் தள்ளிவிடுவர்.

இவ்வேலையை அறவே ஒழிப்பதாகச் சொல்லி வந்தவையே நிப்பிள் இல்லாத மூட்டுக்கள். தொழிற்சாலையிலேயே கிரீஸை நிறைத்து, ‘ஆயுள் முழுதுக்கும் மூடியது’ என்று விற்கின்றனர். யாருடைய ஆயுள் என்று கேட்பாரில்லை. வண்டியின் ஆயுளன்று, வண்டிக்குடையவன் ஆயுளுமன்று, மூட்டின் ஆயுளே அது. கிரீஸ் வற்றியவுடன் மூட்டு முடியும். மூட்டு முடிந்தவுடன் ஆயுளும் முடிந்தது. விற்றவர் சொல்லிற் பிழையில்லை.

எதிர்க்கட்சியார் கூற்றிலும் உண்மை உண்டென்று ஒப்புகின்றோம். துளையிடாத சிலுவை துளையிட்டதினும் வலியது. நிப்பிள் இருந்தும் பல்லாண்டு கிரீஸ் காணாத மூட்டு, நல்ல ஸீலுடன் மூடிய மூட்டுக்கு முன்னரே அழியும், இதுவும் மெய். ஆயினும், எமது வழக்கு வலிமையைப் பற்றியதன்று. நிப்பிள் இருக்குமாயின், சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஒரு மனிதன் வண்டியின் அடியிற் புகுந்தே ஆகவேண்டும். புகுந்தவன் கிரீஸ் மட்டும் இட்டு மீளான். டிஃபெரென்ஷியலின் ஓரம் எண்ணெய் கசிவதைக் காண்பான். தளர்ந்த நட்டைக் காண்பான். வெடித்த ரப்பரைத் தொட்டுப் பார்ப்பான். மூடிய மூட்டோ அவனை மேலேயே நிறுத்தி மெருகுத் துணியைக் கையிற் கொடுக்கின்றது. விளக்கை எடுத்து எண்ணெயை மறந்த கன்னிகையர் ஐவரைப் பற்றிச் சிற்றாலயத்தில் எத்துணையோ முறை கேட்டிருக்கின்றோம். அவர்கள் விளக்குக்களும் நன்கு துலக்கப்பட்டே இருந்திருக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு திருநாளில் மட்டும் வண்டியை வெளிக்கொணர்ந்து, ஏனைய நாட்களிற் போர்வையிட்டு வைப்போர், ஓடாத வண்டிக்குத் தேய்வு ஏது என்பர். நிற்கும் வண்டியில் உருளைகள் ஒரே இடத்திற் கிடக்கின்றன. உள்ளே புகுந்த ஈரம் அவ்விடத்திலேயே துருவை உண்டாக்கும். கிரீஸிலுள்ள எண்ணெய் தனியே பிரிந்து, சோப்பு மட்டும் தங்கும். சிலுவையின் நுனியில் ஊசி ஊசியாகப் பள்ளக்கோடு விழுந்த மூட்டைக் கழற்றிப் பார்த்தவர் இதனை அறிவர். ஆதலின் ஓடுவது குறைந்த வண்டிக்கு மைலைக் கணக்கிடாது மாதத்தைக் கணக்கிட்டு மசகிடுதல் வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன்னும் ஒருமுறை இடுதல் நன்று. புதிய கிரீஸ் பழைய ஈரத்தையும் உடன் வெளியேற்றும்.

இத்தகைய பழைய வண்டியை விலைக்கு வாங்கப் புகும் அன்பர்க்கு ஒரு சொல். விற்பவர் முன்மூடியைத் திறந்து எஞ்சினின் பளபளப்பைக் காட்டுவார், கண்குளிரக் காண்க. பின்னர், பின்சக்கரம் நிலத்தைத் தொடாதபடி வண்டியை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தச் சொல்லுக. சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க. உடன் வந்தவர் ஒருவர் விளக்குடன் அடியில் நோக்கி, எம்மூட்டு ஆடுகின்றதென்று சொல்லட்டும். ‘டக்’கென்னும் ஓசை கேட்டாலும், கிண்ணத்தின் ஓரத்திற் செந்துருப் பொடி படிந்திருந்தாலும், நான்கு மூட்டுக்களும் மாற்றி நிப்பிள் உள்ளவை பூட்டப்பெற்ற பின்னரே விலையைப் பேசலாம்.