போர்டு போயிடுச்சு சார்!

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வயது ஆறு. மேலே மூடி திறக்கும் வகை. போன சித்திரையில் ஒரு நாள் துணியைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் ‘உர்ர்’ என்று மெல்லிய சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீங் கீங் என்று கத்திவிட்டு ‘ஐ.ஈ.’ என்று இரண்டு எழுத்தைக் காட்டியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், மெஷினின் பின்பக்கம் போனார், கால் மணி நேரத்தில் தீர்ப்பு சொன்னார்: "போர்டு போயிடுச்சு சார்."

5,800 ரூபாய். வந்து பார்த்ததற்குத் தனியாக. கொடுத்தேன், மெஷினும் ஓடியது. ஆனி முடிவதற்குள் அதே ‘உர்ர்’, அதே இரண்டு எழுத்து.

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நான் தொலைபேசித் துறையில் 34 வருஷம் பழுது பார்த்தவன். "போன் டெட்" என்று புகார் வந்தால் முதலில் ரிசீவர் சரியாக வைத்திருக்கிறதா, சுவரில் வயர் கழன்றிருக்கிறதா என்று பார், கேபிளைத் தோண்டுவது அப்புறம் என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன். என் வீட்டு மெஷின் என்றதும் அந்தப் பாடம் எங்கே போயிற்று? போர்டு, சென்சார் என்ற வார்த்தைகளைக் கேட்டாலே நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம் என்பது என் கட்சி.

இரண்டாம் முறை உடனே யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஒரு வாரமும் மூட்டு வலியோடு என் மனைவி போர்வை முதற்கொண்டு கையால் துவைத்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பேப்பர் படிங்க" என்றாள். 5,800 ரூபாயைவிட அது அதிகம் உறுத்தியது.

பீரோவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘ஐ.ஈ.’ என்றால் ‘தண்ணீர் வரவில்லை’ என்று அர்த்தமாம். மெஷின் தன் வியாதியைத் தானே சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். குழாயை மூடினேன். தண்ணீர் உள்ளே போகும் ட்யூபை மெஷினின் பின்னாலிருந்து திருகிக் கழற்றினேன். அது பொருந்தும் வாய்க்குள் கட்டை விரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருந்தது. குறடால் மெதுவாக இழுத்ததும் வந்துவிட்டது. சல்லடையா அது! மண்ணும் சுண்ணாம்பும் அப்பிக் குட்டி வடை மாதிரி இருந்தது. எங்கள் மடிப்பாக்கத்து வீட்டில் போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். லாரிக்காரர் சம்ப்பில் கொட்டும்போது அடிச்சேறு கலங்கி, மோட்டார் வழியாக மேல்தொட்டிக்குப் போய், அங்கிருந்து இந்தச் சல்லடைக்கு வந்து சேர்கிறது. வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சித்திரையில் அந்த மெக்கானிக்கும் இந்தச் சல்லடையைத் தட்டிவிட்டுத்தான் போர்டை மாற்றினாரோ என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க வழியில்லை, பழைய போர்டையும் அவரே எடுத்துப் போய்விட்டார். அவரை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. சல்லடை கழுவிக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? பாகம் விற்றால்தான் காசு என்றால் எவருக்கும் பாகம்தான் கண்ணில் படும்.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு மெஷின்களைப் பார்த்துவிட்டேன். நம்மைப் போலத்தான் அவையும். உள்ளே போவதில் தகராறு, இல்லையென்றால் வெளியே போவதில். மாடி வீட்டு அம்மாளின் முன்கதவு மெஷினில் தண்ணீர் வடியவில்லை. அந்த வகையில் கீழே ஓரமாக ஒரு சின்னக் கதவு இருக்கும், அதற்குள் திருகு மூடியோடு ஒரு ஃபில்டர். ஒரேயடியாகத் திறந்தால் கூடம் குளமாகிவிடும், தட்டு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். உள்ளே இரண்டு ஐந்து ரூபாய் நாணயம், நாலு சேலைப் பின், பேரனின் ஒற்றைக் காலுறை.

இன்னொரு வீட்டில் குளியலறை அழகாக இருக்கட்டும் என்று கழிவு நீர் ட்யூபைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மேல்மூடி மெஷின்கள் பலவற்றில் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாக இறங்கித்தான் போகவேண்டும். முன்கதவு மெஷினுக்கு நேர் எதிர். அதில் ட்யூபின் வாய் உயரத்தில் இல்லாவிட்டால், நிரம்பும் தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியேறிவிடும். கடைசி மாடிக்காரருக்கு வேறு கஷ்டம். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம், அவர் தலைக்கு மேல் தொட்டியோ மூன்று மீட்டரில். எல்லோரும் குளிக்கும் காலை வேளையில் மெஷினைப் போடாதீர்கள் என்றேன், சரியாகிவிட்டது. மற்றபடி, குதிக்கிற மெஷினில் ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போட்டிருப்பார்கள், அல்லது ஒரு கால் தரையில் பதிந்திருக்காது. கையால் துவைக்கும் பவுடரை முன்கதவு மெஷினில் போட்டால் நுரைதான் மிஞ்சும்.

இதற்கு மேல் நான் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள். மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், தீய்ந்த வாடை வந்தால், தொட்டதும் சுருக்கென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெஷினைத் தனியாக நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஆள் வந்தால் அவர் கூடவே நில்லுங்கள். என்ன பழுது, எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பாகத்தை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். பழுது பார்க்கும் விவரங்கள் ஜனங்களுக்குக் கிடைக்கட்டும் என்று மத்திய அரசே 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கிழவன் தொணதொணக்கிறான் என்று மெக்கானிக் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டுச் சல்லடையை இப்போது மாதம் ஒரு முறை மனைவிதான் கழுவுகிறாள். நான் குறடை எடுத்தால், "நீங்க வேண்டாம், போன தடவை வாஷரை எங்கேயோ தொலைச்சுட்டீங்க" என்கிறாள். வாஷர் இன்னும் கிடைக்கவில்லை.