பதினோராவது பொருத்தம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருந்து, "லண்டன் வரன் ஒன்று வந்திருக்கிறது" என்று பேச்சு நடந்துகொண்டிருந்தால் அவசியம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் அப்படிப் பேச்சு நடக்கும் வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வரனுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் அன்றைக்கே விசாப் பொருத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். சம்பளக் கணக்கும் காகிதங்களும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் முகூர்த்தத் தேதி குறிக்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் விட்டால் அதற்கான விலையைக் கொடுப்பது பெரும்பாலும் நம் பெண்கள்தான்.

கடந்த சில வருடங்களில் என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த மூன்று பெண்கள் இதே பிரச்சினையோடு எனக்குப் போன் செய்தார்கள். மூவர் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாப்பிள்ளை மூன்று வார லீவில் வந்தார், தாலி கட்டினார், திரும்பிப் போனார். "ரெண்டே மாசத்துல விசா வந்துடும்" என்று சொன்னதை நம்பி ஒருத்தி சென்னையில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கோயிலுக்குப் போனால் ஒருவர், மளிகைக் கடையில் ஒருவர், விசேஷ வீட்டில் நாலு பேர் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் போகலையாம்மா?" அந்தக் கேள்வியை மாப்பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. அவர் அங்கே வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். பெண்தான் பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இதில் முதல் குழப்பம் "லண்டன் மாப்பிள்ளை" என்ற சொல்லிலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவரோ, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவரோ தன் கணவனையோ மனைவியையோ அழைக்க எடுப்பதுதான் நாம் பேசும் ஸ்பவுஸ் விசா. திறன்மிகு வேலை விசாவில் போனவர் துணையை அழைப்பது டிபெண்டன்ட் விசா. அதன் விதிகள் வேறு. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் 11-க்குப் பிறகு புதிதாகப் போனவர்கள் குடும்பத்தை அழைக்கவே முடியாது. அங்கே எம்.எஸ்சி., எம்.பி.ஏ. போன்ற படிப்புகளை 2024 ஜனவரி முதல் தொடங்கிய மாணவர்களுக்கும் அந்த வழி இல்லை. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு. ஆகவே "எங்கே வேலை?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த விசாவில் இருக்கிறார்?" என்று கேளுங்கள். ஒரே பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி ஸ்பவுஸ் விசாவின் கணக்கு. 2012 ஜூலையில் பிரிட்டன் அரசு ஒரு வருமான வரம்பு வைத்தது. அழைப்பவர் வருடத்துக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டு. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை இது. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து அதே துணையோடு இந்த வழியில் இருப்பவர்கள் விசாவை நீட்டிக்கும்போது பழைய வரம்பிலேயே தொடரலாம். புதிதாகக் கல்யாணம் செய்பவர்களுக்கு 29,000தான்.

இது எவ்வளவு பெரிய தொகை என்று கரும்பலகையில் போடுவது மாதிரி போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், 52 வாரம் வேலை பார்த்தால் வருடத்துக்கு 25,397 பவுண்டு வரும். வரம்புக்கு இன்னும் 3,600 பவுண்டு குறைகிறது. அந்தக் கூலியில் 29,000-ஐத் தொட வேண்டுமென்றால் ஒரு வாரம்கூட விடாமல் வாரம் 46 மணி நேரம் உழைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டிலோ, உணவகத்திலோ, கிடங்கிலோ நேர்மையாக முழு நேரம் உழைக்கும் ஒருவர் தன் மனைவியை அழைக்க முடியாமல் போவது இதனால்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தும் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்றால் அதைக் கட்டாயம் குறை சொல்லலாம்.

இங்கே பெண் மாதம் எண்பதாயிரம் சம்பாதித்தாலும் முதல் விசாவுக்கு அவள் சம்பளம் கணக்கில் சேராது. அங்கே போய் வேலை பார்த்த பிறகு, விசாவை நீட்டிக்கும்போதுதான் சேரும். மாமனாரின் தென்னந்தோப்பும், ஊரில் இருக்கும் மாடி வீடும், லாக்கரில் இருக்கும் நகையும் சேராது. "நாங்க பார்த்துக்கிறோம்" என்று சித்தப்பா எழுதிக் கொடுக்கும் கடிதமும் பொதுவாகச் செல்லாது. சம்பளத்தில் ஒரு பகுதியை வரியில் காட்டாமல் கையில் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கைக்காசும் கணக்கில் வராது.

வங்கிச் சேமிப்பு சேரும். சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும். சம்பளம் கொஞ்சம்தான் குறைகிறது என்றால், குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி அதோடு 16,000 கூட்ட வேண்டும். உதாரணமாக மாப்பிள்ளைக்குச் சம்பளம் 25,000 என்றால் குறைவது 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. அதோடு 16,000 கூட்டினால் 26,000 பவுண்டு, நம் பணத்தில் முப்பது லட்சத்தை ஒட்டி வரும். அந்தப் பணம் கணவன் அல்லது மனைவி பெயரில், உடனே எடுக்கக்கூடிய கணக்கில், ஆறு மாதம் குறையாமல் இருந்திருக்க வேண்டும். கடன் வாங்கிப் போட்டது செல்லாது. அன்பளிப்பாக வந்தது செல்லும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது.

இந்த இடத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "சம்பளம் கொஞ்சம் குறையுது, நீங்க ஒரு முப்பது லட்சம் அக்கவுண்ட்டுல போட்டுட்டா விசா வந்துடும்" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது புதுப் பெயரில் வரும் வரதட்சிணை. 1961-லேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, அதற்கு லண்டன் விலக்கு எதுவும் கிடையாது. நீங்களாக விரும்பி, மண்டபத்துக்கும் பந்திக்கும் கொட்டுவதைக் குறைத்து, உங்கள் பெண்ணின் பெயரில், அவள் மட்டும் கையெழுத்துப் போடும் கணக்கில் பணம் போட்டு வைத்தால் அது நல்ல காரியம். விசா வந்த பிறகும் அது அவள் பணமாகவே இருக்க வேண்டும். மாப்பிள்ளை கணக்குக்கு மாற்றுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து காகிதங்கள். ஒரே வேலையில் ஆறு மாதம் இருந்தவர் ஆறு மாத பேஸ்லிப், அதே ஆறு மாதத்துக்கு அந்தச் சம்பளம் வரவாகியிருக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், எவ்வளவு காலமாக என்ன சம்பளத்தில் வேலை பார்க்கிறார் என்று நிறுவனம் தரும் கடிதம் மூன்றையும் வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு மாதம் சம்பளம் இறங்கியிருந்தாலும் அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான் வருடக் கணக்குப் போடுவார்கள். கடைசிக் காகிதம் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. புது வேலைக்கு மாறி ஆறு மாதம் ஆகாதவருக்குக் கடந்த 12 மாத வருமானத்தையும் பார்ப்பார்கள். ஆகவே விண்ணப்பம் போடும் நேரத்தில் வேலை மாறுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

நம் பக்கத்தில் முதலில் வேண்டியது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை செய்யலாம். மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் இருவரும் சேர்ந்து போய்ப் பதிந்துவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பெண் அடிப்படை ஆங்கிலத் தேர்வு ஒன்றை, அவர்கள் அங்கீகரித்த மையத்தில் எழுதித் தேற வேண்டும். இதில் பேசுவதும் கேட்பதும்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளும் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தால் தேறலாம், பயப்படாதீர்கள். காசநோய் இல்லை என்ற சான்றும் அங்கீகரித்த மருத்துவ மையத்திலிருந்து வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும்.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் ஊரில் பெயர் என்றால் முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரியும். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால் விசா அதிகாரிக்கு அது ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? கல்யாணப் பதிவுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதிக் கொடுங்கள். கணவர் பெயரைச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்தால்தான் விசா கிடைக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்படி விதி இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு. மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105. மொத்தம் 5,043 பவுண்டு, ஐந்தரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. நிராகரித்தால் மருத்துவக் கட்டணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. கிடைக்கும் விசா 33 மாதம். பிறகு மறுபடி கட்டணம் கட்டி நீட்டிக்க வேண்டும்.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-இல் வருமான வரம்பு என்ற ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றும் சொன்னது. 29,000-ஐ 38,700 ஆக்கும் திட்டம் இருந்தது. அந்த நாட்டு அரசே நியமித்த ஆலோசனைக் குழு 2025 ஜூனில், குடும்பங்களுக்கு அவ்வளவு உயர்ந்த வரம்பு பொருந்தாது என்று அறிக்கை கொடுத்தது. 23,000 முதல் 25,000 வரை வைப்பதை ஒரு வழியாகவும் காட்டியது. நாடு எல்லையைக் காக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலி வேலை செய்பவனுக்கும் மனைவியோடு வாழ உரிமை உண்டு என்பதுதான் என் கருத்து. அந்தச் சட்டத்தை இங்கே உட்கார்ந்து நாம் மாற்ற முடியாது. அதை மறைத்து வைத்துக் கல்யாணம் முடிக்கும் நம் பழக்கத்தை மாற்ற முடியும்.

ஜாதகம் கேட்கிறோம், சாதி கேட்கிறோம், எத்தனை பவுன் என்று கேட்கிறோம். இதற்கெல்லாம் வராத கூச்சம் பேஸ்லிப் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது? "நம்பிக்கை இல்லையா?" என்று அவர்கள் கேட்டால், "எங்களுக்கு நம்பிக்கை இருக்குங்க, விசா ஆபீசருக்கு இருக்கணுமே" என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் பெண்ணுக்கு இங்கிருந்து பையனை அனுப்பும் வீட்டாருக்கும் இதே விதிதான், இதே கேள்விகள்தான்.

நிச்சயத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை ஐந்து. எந்த விசாவில் அல்லது குடியுரிமையில் இருக்கிறார்? கடந்த ஆறு மாத பேஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகின்றனவா? குறைந்தால் அதை யார், எந்தப் பணத்தில், எப்போது ஈடு செய்வது? தங்கப் போகும் வீடு யாருடையது, எத்தனை பேர் இருக்கிறார்கள்? விண்ணப்பத் தேதி என்ன?

பெண்களுக்கு ஒரு வார்த்தை. விசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், விண்ணப்ப நகல், விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். ஏஜென்ட் "நான் ஒரு லெட்டர் ரெடி பண்ணித் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய்க் காகிதம் பிடிபட்டால் இந்த விண்ணப்பத்தோடு நிற்காது, அடுத்து போடுவதையும் கெடுக்கும். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்ல வழக்கறிஞராகவோ பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள். நான் சொன்ன தொகைகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பம் போடும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். சமீபத்தில் இந்த விசா எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எந்தக் காகிதத்தில் சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நாலு வரி போதும். இந்தத் தை மாதம் கல்யாணம் பேசும் யாரோ ஒரு வீட்டுக்கு அது உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்