பாரவாகிகளின் பாரம்

மலையாளப் பத்திரிகைகளில் சங்கத் தேர்தல் செய்தி வரும்போதெல்லாம் என் கண் ஒரு சொல்லில் நின்றுவிடும். 'பாரவாகிகள்' தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று போடுவார்கள். பாரத்தைச் சுமப்பவர்கள் என்று பொருள். தமிழில் நாம் அவர்களை 'நிர்வாகிகள்' என்று சொல்லி கௌரவப்படுத்திவிடுகிறோம். கம்பெனியாகப் பதிவான கிளப் என்றால் 'இயக்குநர்'. கேட்பவருக்கு உடனே பாரதிராஜா நினைவுக்கு வருகிறார். மலையாளச் சொல்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டாஞ்சேரியில் ஒரு மாலை நேரத்தில் உறைத்தது.

பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிப் பக்கம், கொச்சிக்கு வந்து நாற்பது வருடமாகிறது. ஒரு கிளப்பில் அவரை டைரக்டராகப் போட்டிருக்கிறார்கள். மாலையில் சீட்டு, சனிக்கிழமை கஜல், ஓணத்துக்கு விருந்து. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார். அன்று கையில் ஒரு நோட்டீஸ். கிளப்பின் வரவு செலவுக் கணக்கும் ஆண்டறிக்கையும் இரண்டு வருடமாகக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் ஆகவில்லை. மூன்றாவது வருடத்துக்கான கெடு நெருங்குகிறது.

"இங்கிலீஷ்ல இருக்கு, படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வந்துருவாங்களா?"

அது கிளப் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்பதைப் பொறுத்தது. இந்த ஊரில் அதுவே ஒரு சுவாரசியமான கதை. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் பகுதி. சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் சேர்ந்தது. 1967-ல் இரண்டும் எர்ணாகுளத்தோடு ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. ஆனால் சங்கப் பதிவில் கேரளம் இன்னும் பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம், மலபார் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டுக்கு 1975-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது.

1860 சட்டம் சிப்பாய்க் கலகம் அடங்கிய சூட்டில் எழுதப்பட்டது என்றாலும் நிர்வாகிகளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. சங்கத்துக்காக வழக்கில் பெயர் சேர்க்கப்பட்ட நிர்வாகிமீது தீர்ப்பானால், அதை அவருடைய சொத்தின்மீதோ 'உடலின்மீதோ' நிறைவேற்றக் கூடாது, சங்கத்தின் சொத்தின்மீதுதான் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. கடனுக்காக ஆளையே பிடித்து அடைத்த காலத்து வாசகம். ஆனால் 11-ஆம் பிரிவு வேறு முகம் காட்டுகிறது. சங்கத்தின் பணத்தைத் திருடிய உறுப்பினர், 'என் சங்கம்தானே' என்று சொல்லித் தப்ப முடியாது. அந்நியனைப் போலவே தண்டிக்கப்படுவார். இன்னொரு சங்கதி: மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு 15-ஆம் பிரிவின்படி ஓட்டு இல்லை. எத்தனை பொதுக்குழுக்களில் பாக்கிப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓட்டு எண்ணுகிறார்கள்?

அண்ணாச்சியின் கிளப் சங்கம் அல்ல, கம்பெனி. லாப நோக்கற்ற கம்பெனிகளுக்கு 2013 சட்டத்தில் 8-ஆம் பிரிவு, முன்பு 1956 சட்டத்தில் 25-ஆம் பிரிவு. கிளப்பின் கடனுக்காக யாரும் அவர் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால் கடைக்கு வரலாம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார் என்கிறது 164-ஆம் பிரிவு. அதோடு விடுவதில்லை. தவறு செய்த கம்பெனியைத் தவிர அவர் டைரக்டராக இருக்கும் மற்ற எல்லாக் கம்பெனிகளிலும் பதவி காலியாகிவிடும் என்கிறது 167. அண்ணாச்சியின் மிளகு வியாபாரம் மகன்களோடு சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட். சீட்டு விளையாடப் போன இடத்தில் போட்ட கையெழுத்து சொந்தக் கம்பெனி நாற்காலியைப் பறிக்கும். 2017-ல் மத்திய அரசு இப்படி ஒரே வீச்சில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தது. 'எனக்குத் தெரியாது' என்று கோர்ட் படியேறியவர்கள் ஏராளம்.

தாமதக் கட்டணம் வேறு: ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவம், இரண்டு வருடம் என்று அண்ணாச்சி மனக்கணக்குப் போட்டு முடித்தபோது டீ ஆறிவிட்டது.

சீட்டு விஷயத்தில் அவருக்குப் பயம் இல்லை. செகந்திராபாத் கிரெசன்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் 1963-ல் போலீஸ் புகுந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எல்லாக் கிளப்காரர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

வரி விவகாரம் இன்னும் சிக்கல். உறுப்பினரும் கிளப்பும் ஒருவரே, தனக்குத் தானே விற்பனை செய்ய முடியாது என்பது பழைய வாதம். கல்கத்தா கிளப் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மத்திய அரசு 2021-ல் ஜி.எஸ்.டி. சட்டத்தையே திருத்தி, 2017 ஜூலை முதல் செல்லும் என்றது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தொடுத்த வழக்கில் அந்தத் திருத்தம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இதை நம்பி வரிக்கென்று பணம் ஒதுக்காமல் இருப்பது துணிச்சல். பிரைவேட் கம்பெனியிடம் வசூலாகாத ஜி.எஸ்.டி.யை, பெரும் அலட்சியம் இல்லை என்று நிரூபிக்காத டைரக்டரிடம் வசூலிக்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 1913-ல் தொடங்கிய டில்லி ஜிம்கானா கிளப்பில் உறுப்பினர் சேர்க்கை உறுப்பினர்களின் வாரிசுகளுக்குச் சாதகமாக நடக்கிறது, வெளியாட்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்கிறார்கள் என்று மத்திய அரசு 2020-ல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் நிர்வாகக் குழுவில் அரசே 15 பேரை நியமிக்கத் தீர்ப்பாயம் அனுமதித்தது. நமக்கு நினைவிருப்பது 2014-ல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைக் கிளப் வாசலில் மறித்தது. 'எங்கள் விதி' என்ற பதில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதை பெல்காம் மேசன் லாட்ஜ் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவரை நீக்கினால் விதிப்படி நீக்கினார்களா, அவர் தரப்பைக் கேட்டார்களா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா என்று கோர்ட் பார்க்கும். அதற்கு மேல் தலையிடாது. கிளப் சண்டைகளில் பாதிக்கு இந்த மூன்றும் தெரிந்திருந்தால் வக்கீல் ஃபீஸ் மிச்சம்.

"அப்ப நான் என்ன செய்ய? ராஜினாமா பண்ணிடவா?" என்றார் அண்ணாச்சி. இப்போது விலகினாலும் இருந்த காலத்துக்குப் பொறுப்பு போகாது என்றேன். நிர்வாகப் பணியில் இல்லாத டைரக்டருக்கு 149-ஆம் பிரிவு ஒரு கவசம் தருகிறது. தெரிந்தும் சம்மதித்தால், அல்லது கவனக்குறைவாக இருந்தால்தான் பொறுப்பு. கவனமாக இருந்ததற்குச் சாட்சி மினிட்ஸ் புத்தகம்தான். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் கேளுங்கள், கேட்டதை எழுதச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

கேட்டிருக்கிறார். "அண்ணாச்சிக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று செயலாளர் வருத்தப்பட்டாராம். "நம்பிக்கை இருக்கு, ரசீது இல்லியே" என்றிருக்கிறார் இவர். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு வருடக் கணக்கையும் கெடுவுக்குள் தாக்கல் செய்வதென்று தீர்மானம். மினிட்ஸ் மலையாளத்தில் இருக்கிறது. தான் கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று படித்துச் சொல்ல அதன் நகலை நேற்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.