17 வயதில் ஹாலிவுட்டையே பேசிக்காட்டியவர்!

1941-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ஒரு கார்ட்டூன், 'ஹாலிவுட் ஸ்டெப்ஸ் அவுட்'. ஓர் இரவு விடுதியில் அன்றைய நட்சத்திரங்கள் கூடுகிறார்கள். கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், எட்வர்ட் ஜி. ராபின்சன் என்று வரிசையாக வந்து பேசுகிறார்கள். ஆனால், அவர்களில் ஒருவர்கூட ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. ஆண் குரல்களில் பெரும்பாலானவற்றைப் பேசியது கென்ட் ராஜர்ஸ் என்ற பையன். அப்போது அவருக்கு வயது 17.

டி.வி இல்லாத காலம் அது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்பு ஆறேழு நிமிட கார்ட்டூன் ஓடும். அதில் பிரபல நடிகர்களைக் கேலிச்சித்திரமாகக் கொண்டுவந்தால் கைதட்டல் நிச்சயம். படம் வரைய ஓவியர்கள் இருந்தார்கள். குரலுக்கு மிமிக்ரி கலைஞர்கள் தேவைப்பட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் சாரா பெர்னரும் ஒருவர். அதே கார்ட்டூனில் கிரெட்டா கார்போ உள்ளிட்ட நடிகைகளின் குரல் இவருடையது. 1945-ல் வந்த 'ஆங்கர்ஸ் அவெய்' படத்தில் ஜீன் கெல்லியோடு ஆடும் ஜெர்ரி எலிக்கும் பேசியவர் இவர்தான். அந்த நடனத்தை உலகமே ரசித்தது. எலிக்குப் பேசியது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

காரணம், டைட்டிலில் பெயர் வராது! வார்னர் கார்ட்டூன்களில் 1940-களின் மத்தியில் குரலுக்காகப் பெயர் வரத் தொடங்கியது, மெல் பிளாங்க் ஒருவருக்குத்தான். சம்பள உயர்வு கேட்டதாகவும், அது கிடைக்காததால் பெயரையாவது போடச் சொன்னதாகவும் பிளாங்க் பின்னாளில் சொன்னார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால், மற்றவர்களின் உழைப்பும் அந்த ஒரே பெயருக்குக் கீழே மறைந்துபோனது. பக்ஸ் பன்னியைத் துரத்தும் வேட்டைக்காரர் எல்மர் ஃபட்டுக்கு ஏறத்தாழ 20 வருடங்கள் பேசியவர் ஆர்தர் கியூ. பிரையன். அந்தக் குரலும் பிளாங்க்குடையது என்றே பலரும் நினைத்தார்கள்.

கென்ட் ராஜர்ஸ் கதைக்கு வருவோம். 1942-ல் ஒரு கூச்ச சுபாவக் கழுகுக் குஞ்சுக்கு அவர் குரல் கொடுத்தார். இரை தேடி வரச் சொல்லி அம்மா துரத்த, பக்ஸ் பன்னியிடம் போய் மாட்டிக்கொள்ளும் அப்பாவி. பின்னாளில் பீக்கி என்று பெயர் பெற்ற இதன் அசட்டுக் குரல், ரேடியோவில் புகழ்பெற்ற 'மார்ட்டிமர் ஸ்னெர்ட்' என்ற பேசும் பொம்மையின் சாயலில் பிறந்தது. அம்மா கழுகுக்குப் பேசியவர், சாரா பெர்னர். அதே ஆண்டில் முட்டையை அடைகாக்கும் யானை ஹார்ட்டனுக்கும் ராஜர்ஸ்தான் பேசினார்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ராஜர்ஸ் விமானிப் பயிற்சிக்குப் போனார். 1944 ஜூலையில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், பயிற்சியின்போது நடந்த விமான விபத்தில் இறந்தார். 21-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள்தான் இருந்தன.

கார்ட்டூனில் முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். பிறகுதான் அதற்கேற்ப வாய் அசைவை வரைவார்கள். ஒரு படம் முடியப் பல மாதங்கள் ஆகும். அதனால், 1945-ல் வெளியான 'தி பாஷ்ஃபுல் பஸ்ஸார்ட்' கார்ட்டூனில் அந்தக் கழுகு மறுபடியும் ராஜர்ஸின் குரலில் பேசியது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், பேசியவர் உயிரோடு இல்லை என்று?

1950-ல் பீக்கி மீண்டும் திரைக்கு வந்தபோது அதற்குப் பேசியவர், மெல் பிளாங்க்.

இன்று கார்ட்டூன் ஆர்வலர்கள் பழைய பதிவுகளைத் தேடி, எந்தக் குரல் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள். அடுத்தமுறை வீட்டுக் குழந்தைகளோடு பழைய கார்ட்டூன் பார்க்கும்போது, ஒரு நிமிடம் காதை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். திரையில் பெயர் வராத யாரோ ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருப்பார்.