எத்தனை நிமிடம்?

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, அமெரிக்காவிலே இருக்கிற என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரனைப் பந்து விளையாட ஐம்பது மைல் காரிலே கூட்டிக்கொண்டு போகிறானாம். வீட்டுப் பக்கத்திலே திடல் கிடையாதா?" என்று கேட்டார். நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே பழைய நினைவொன்று நெஞ்சை உறுத்திற்று. அந்நாட்டில், நியூ ஜெர்சி மாநிலத்துப் பங்கொன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில், நாமும் அத்தகைய சிறுவர் அணி ஒன்றுக்கு ஒரு பருவம் பயிற்சி அளித்ததுண்டு.

அங்கே சிறுவர் கால்பந்தாட்டம் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, யாவருக்கும் உரியது. 1964-இல் கலிபோர்னியாவில் தோன்றிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. மற்றொன்று 'டிராவல்' அணி. இதற்குத் தேர்வு உண்டு. தேறாத பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்புவதும் உண்டு. கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கிச் சில ஆயிரம் வரை செல்லும். ஊர் ஊராகச் சென்று ஆடுவதால் இப்பெயர்.

கழகத்தை நடத்துவோர் பல இடங்களில் பெற்றோரே. ஊதியமின்றி உழைக்கின்றனர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிர்வாகக் குழு பயிற்சியாளரை நியமிக்கிறது. பயிற்சியாளர் பிள்ளைகளைத் தேர்கிறார். பிள்ளைகளோ நிர்வாகக் குழுவினர் வீட்டுப் பிள்ளைகள்! பூசல் முளைக்க வேறு நிலம் வேண்டுமோ? போதாக்குறைக்கு, 2017-இல் நாடெங்கும் பிறந்த ஆண்டின்படி அணிகளைப் பிரிக்கும் முறை நிலைபெற்றது. ஒரே வகுப்பில் பயிலும் தோழர்கள் வெவ்வேறு அணிகளுக்குப் போயினர். எங்கள் ஊரில் அவ்வாண்டு நடந்த கூட்டங்களின் சத்தம் கோயில் வரை கேட்டது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் பத்து வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் வேலை மாற்றலாகி ஊரை விட்டுச் சென்றார். குருமடத்தில் மாலைதோறும் பந்து உதைத்த கதையை நாம் எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தோம். அது நம் தலையிலேயே வந்து விடிந்தது. ஞாயிறு திருப்பலிகள் முடிந்து, அங்கியைக் களைந்து, பிற்பகல் ஆட்டத்துக்கு ஓடுவோம். அணிக்கு எழுவர், இருபத்தைந்து நிமிடம் வீதம் இரு பாதி. முதல் நாளே பழக்கதோஷத்தால், "தலையால் அடி!" என்று கூவிவிட்டோம். "ஃபாதர், அது தப்பு, நடுவர் எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார்" என்று ஒன்பது வயதுச் சிறுவன் நமக்குப் பாடம் சொன்னான். மூளைக்கு ஊறு நேரும் என்றஞ்சி, பத்து வயதும் அதற்குக் குறைந்தோரும் தலையால் முட்டுவதை 2016 முதல் அங்கே தடுத்திருந்தனர்.

நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பார். தம் மகன் முன்வரிசையில்தான் ஆட வேண்டும்; முழு நேரமும் ஆட வேண்டும். "நல்ல திடலும் நல்ல நேரமும் எந்த அணிக்கு என்று முடிவு செய்வது நாங்கள்தான், ஃபாதர்" என்று தேனொழுகச் சொன்னார். நாம் இணங்கவில்லை. பதினொரு சிறுவரையும் முறைவைத்து மாற்றினோம். நமது நேர்மையில் நமக்கே சிறிது மயக்கம் உண்டாயிற்று.

பருவத்தின் இறுதிக்கு முந்திய ஆட்டம். வென்றால் மேற்பிரிவுக்குச் செல்லும் வாய்ப்பு நிலைக்கும். இரண்டாம் பாதியில் ஒன்றுக்கொன்று என்று சமநிலை. நம் அணியில் ஓட்டம் மந்தமான சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் முறை வந்தது. அடுத்த ஐந்து நிமிடம் போகட்டும் என்று எண்ணினோம். பின்னும் ஐந்து நிமிடம். அவன் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பெஞ்சில் இருந்தான். ஆட்டம் முடிந்தது, இரண்டுக்கு ஒன்று என வென்றோம். அன்று எவரும் நம்மைத் தொலைபேசியில் அழைத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து, உறங்காமல், பணியுடையோடு வந்திருந்தார் அவன் தாய். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தி வந்தவர். நம்மை நோக்கித் தலையசைத்துவிட்டு, மகன் தோளில் கைவைத்து நடந்தார். நாற்பது மைல் தூரம் திரும்பும் வழியில் நமக்கு வெற்றி இனிக்கவில்லை.

புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று, தாயிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டோம். தாய் காப்பி கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிறுவன் மட்டும், "அடுத்த வாரம் முதலிலேயே இறங்கலாமா, ஃபாதர்?" என்றான். இறங்கினான்; ஐம்பது நிமிடமும் ஆடினான். நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். மேற்பிரிவு கைநழுவிற்று. மறு ஆண்டு அணிக்கு வேறு பயிற்சியாளர் வந்தார்; நம்மை எவரும் கேட்கவில்லை. அச்சிறுவன் யாவரும் ஆடும் அணிக்கே சென்றுவிட்டான் என்று கேள்வியுற்றோம்.

இதையெல்லாம் மூதாட்டியிடம் சொல்லவில்லை. "பேரன் எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று மகனிடம் கேட்டீர்களா, அம்மா?" என்று மட்டும் வினவினோம். ஞாயிறு இரவு பேசும்போது கேட்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.