இருளுக்குள் ஒரு தாய்

நுழையும்முன்

அச்சம் தரும் உயிரைக் கண்டால் அதை அழிக்க நினைப்பது எளிது. ‘அது ஏன் அவ்வாறு செய்கிறது?’ என்று நின்று கேட்பது அரிது. யானைகளின் வழித்தடங்களை அடுத்து வாழும் நமக்கு அக்கேள்வி மிகவும் இன்றியமையாதது. அக்கேள்வியை எழுப்பும் தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பற்றிய கருத்துரையே இப்பாடம்.

தொலைவில் ஒரு கோள்

அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலமும் ஒளிக்கதிர்த் துப்பாக்கியும் வேற்றுக்கோள் வாசிகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், சிறந்த அறிவியல் புனைகதை தொலைவிலுள்ள கோளைக் காட்டி, அருகிலுள்ள ஊரைப் பற்றிப் பேசும். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1967ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒளிபரப்பான பகுதி இதற்குத் தக்க சான்றாகும். ‘இருளில் இருக்கும் பேய்’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அப்பகுதியை எழுதியவர் ஜீன் கூன். இயக்கியவர் ஜோசப் பெவ்னி. 1980களில் இத்தொடர் தூர்தர்ஷன் வழியாக இந்திய இல்லங்களுக்கும் வந்தது. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர், தமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே என்று குறிப்பிட்டுள்ளார். என் விருப்பமும் அதுவே. பாலக்காட்டு, இடுக்கி மலைப்பகுதிகளில் வளரும் மாணவர் அனைவரும் இதனைக் காண வேண்டும் என்பது என் கருத்து.

கதை இதுதான். ஜேனஸ் என்னும் கோளில் மனிதர்கள் சுரங்கம் அமைத்துக் கனிமம் எடுக்கின்றனர். மேலும் ஆழமாகப் புதிய அடுக்கு ஒன்றைத் தோண்டியபின், தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். பாறையை அமிலத்தால் உருக்கி வழி அமைத்துச் செல்லும் ஏதோ ஓர் உயிர் அவர்களைக் கொல்கிறது. ஐம்பது பேரை இழந்த சுரங்க மக்கள் உதவி கேட்டு விண்கலத்தை அழைக்கின்றனர். அவ்வுயிரைக் கொல்வதற்காகவே கிர்க்கும் அவருடைய துணைவர் ஸ்பாக்கும் சுரங்கத்திற்குள் இறங்குகின்றனர்.

ஆனால், காயமுற்ற அவ்வுயிர் கிர்க்கை நேருக்குநேர் சந்தித்தபோதும் தாக்கவில்லை. தம் மனத்தைப் பிற உயிரின் மனத்தோடு இணைக்கும் ஆற்றல் பெற்ற ஸ்பாக், அதன் துயரத்தை அறிகிறார். ‘ஹோர்ட்டா’ என்னும் அவ்வுயிர் ஒரு தாய். புதிய அடுக்கில் கிடந்த உருண்டைக் கற்களைப் பயனற்றவை எனக் கருதித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்தெறிந்தனர். அவை கற்கள் அல்ல, அத்தாயின் முட்டைகள்! உண்மையை அறிந்த தொழிலாளர்கள் தடிகளைத் தாழ்த்துகின்றனர். மருத்துவர் மெக்காய், கல்லுடல் கொண்ட அவ்வுயிரின் புண்ணைக் கான்கிரீட்டுக் கலவையால் பூசி ஆற்றுகிறார்.

இக்கதையில் தீயவர் எவரும் இலர். தொழிலாளர்கள் அறியாமல் செய்தனர். ஹோர்ட்டா தன் குஞ்சுகளைக் காக்கச் செய்தது. கொழும்பில் வாழ்ந்த புகழ்பெற்ற அறிவியல் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கும், ஆபத்தான ஒன்று தீய எண்ணம் உடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்னும் கருத்துக்காகவே இப்பகுதியைப் பாராட்டினார்.

மூன்று சொற்கள்

மொழி கற்கும் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய காட்சி ஒன்று இதில் உண்டு. மனத்தொடர்பால் சிறிது ஆங்கிலம் கற்ற ஹோர்ட்டா, பாறையில் மூன்று சொற்களை அமிலத்தால் பொறிக்கிறது. ‘இல்லை’, ‘கொல்’, ‘நான்’ என்னும் பொருள் தரும் சொற்கள் அவை. ‘நான் கொல்லேன்’ என்று அது உறுதி கூறுகிறதா? ‘என்னைக் கொல்லாதே’ என்று வேண்டுகிறதா? ஸ்பாக்குக்கும் விளங்கவில்லை.

தமிழில் எழுதியிருந்தால் இவ்வையம் எழுந்திராது. ‘கொல்லேன்’ என்பதிலுள்ள ‘ஏன்’ விகுதி, பேசுபவரே செயலுக்கு உரியவர் என்பதைக் காட்டிவிடும். ‘கொல்லாதே’ என்பது முன்னிலையாரை நோக்கிய விலக்கு என்பதும் உடனே புலப்படும். எனினும், அவ்வையமே அக்காட்சிக்கு ஆழம் தருகிறது என்பேன். ‘நான் உன்னைக் கொல்லேன், நீயும் என்னைக் கொல்லாதே’ என்னும் இரண்டும் சேர்ந்தால்தான் உடன்பாடு பிறக்கும். ஒன்று மட்டும் போதாது.

அருகில் ஒரு மலை

இனி நம் மலைக்கு வருவோம். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் பகுதியில் ‘ஆனையிறங்கல்’ என்றோர் இடம் உள்ளது. யானை இறங்கிவரும் இடம் என்பதை அப்பெயரே அறிவிக்கிறது. அம்மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் பரவின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அங்கே உழைத்தனர். பின்னர் அணைகளும் சாலைகளும் வந்தன. 2000களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு அப்பகுதியில் நிலம் வழங்கியது. யானைகளுக்கு அஞ்சிப் பலர் அந்நிலத்தை விட்டு நீங்கினர்.

அங்கே ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற ஆண்யானைக்கு மக்கள் ‘அரிக்கொம்பன்’ என்று பெயரிட்டனர். 2023 ஏப்ரல் 29 அன்று அது பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அது தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விட்டனர். மாநில எல்லை மனிதர் வரைந்த கோடு. யானைக்கு அது தெரியாது.

அதே ஆண்டு ஜனவரி 22 அன்று, பாலக்காட்டுத் தோணிப் பகுதியில் அச்சம் விளைவித்த ‘பி.டி. 7’ என்னும் ஆண்யானையும் பிடிபட்டது. அதன் உடலில் துப்பாக்கியின் சிறு குண்டுகள் பல பதிந்திருந்தன. ஹோர்ட்டாவும் முதலில் காயப்படுத்தப்பட்ட பின்னரே நமக்கு அறிமுகமாகிறது என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

‘யானைமேல் இரக்கம் கொள்வது நகரத்தில் இருப்பவர்க்கு எளிது, லயத்தில் வாழ்பவர்க்கன்றோ துன்பம் தெரியும்?’ என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நேர்மையானது. விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கும், மாலையில் பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைக்கும் அச்சம் உண்மையானது. உயிரிழந்தோர் குடும்பத்தின் கண்ணீரும் உண்மையானது. ‘பாவம், யானை’ என்று கூறி அதனைக் கடந்துவிடலாகாது. கதையிலும் மடிந்த ஐம்பது பேரின் துயரம் மறைக்கப்படவில்லை. காரணத்தை அறிவது இழப்பை மறப்பதாகாது. அடுத்த இழப்பைத் தடுப்பதற்கு அதுவே வழி.

உடன்படாத ஓர் இடம்

விரும்பும் கதையிலும் ஏற்க இயலாத இடம் இருக்கலாம். இக்கதையின் முடிவில் ஹோர்ட்டாவின் குஞ்சுகள் சுரங்கம் தோண்ட உதவுகின்றன. தொழிலாளர்களுக்குப் பெருஞ்செல்வம் சேர்கிறது. இம்முடிவு எனக்கு உடன்பாடன்று. பயன் தந்ததனால்தான் ஹோர்ட்டா வாழலாமா? பயன் தராதிருந்தால் அதனைக் கொன்றிருக்கலாமா? யானை நமக்கு வருவாய் ஈட்டித் தருவதில்லை; தோட்டத்தில் வாழையைத் தின்கிறது; வேலியை முறிக்கிறது. ஆயினும், வாழும் உரிமை அதற்கு உண்டு. திருக்குறளின் ‘கொல்லாமை’ அதிகாரமும் பயனைக் கணக்கிட்டு அறம் சொல்லவில்லை.

ஸ்பாக் இல்லாத உலகில்

நம் உலகில் ஸ்பாக் இல்லை. யானையின் மனத்தோடு மனத்தை இணைக்கும் ஆற்றலும் எவருக்கும் இல்லை. ஆனால், உற்றுநோக்கும் அறிவு உண்டு. ஆனைமலையின் வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் யானைக் கூட்டங்களின் நடமாட்டத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். உயிரிழப்புகளில் பல, யானை அருகில் இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை என்று கண்டனர். எனவே, யானை நிற்கும் இடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துகளாக அறிவித்தனர். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினர். கைப்பேசியால் இயக்கத்தக்க சிவப்பு விளக்குகளை உயரமான இடங்களில் அமைத்தனர். அங்கே மனித உயிரிழப்பு குறைந்தது.

பாலக்காட்டிலிருந்து கோவைக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதை காட்டின் வழியே செல்கிறது. 2021 நவம்பரில் மதுக்கரைக்கு அருகே தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரி முதல் அப்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வெப்பத்தை உணரும் கேமராக்களும் இரவு பகலாகக் காவல் புரிகின்றன. யானை தண்டவாளத்தை நெருங்கினால், வனத்துறைக்கும் இரயில்வேக்கும் செய்தி செல்கிறது. நேற்றைய புனைகதை இன்று நம் ஊர் எல்லையில் பணியாற்றுகிறது.

மாணவர்களே! மூணாற்றுச் சாலைகளில் உலவும் ஓர் ஆண்யானைக்கு நம் மக்கள் திரைப்பட நாயகனின் பெயரால் ‘படையப்பா’ என்று பெயரிட்டுள்ளனர். பெயர் சூட்டுவது அறிமுகத்தின் முதற்படி. அது வரும் வழி எது, வரும் காலம் எது, அவ்வழி எதனால் அடைபட்டது என்று அறிவது அடுத்த படி. அவ்வாறு அறிந்தவரே யானைக்கும் ஊருக்கும் இடையில் நின்று பேசத் தகுதியுடையவர். அப்பணிக்கு இம்மலையை நன்கு அறிந்த உங்களைவிடப் பொருத்தமானவர் யாவர்?

சொல்லும் பொருளும்

வழித்தடம் – விலங்குகள் வழக்கமாகச் செல்லும் பாதை
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
விலக்கு – செய்யாதே எனத் தடுத்தல்

சிந்தித்து எழுதுக

1. ‘இக்கதையில் தீயவர் எவரும் இலர்’ என்னும் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் கூறுக.
2. ‘கொல்லேன்’, ‘கொல்லாதே’ ஆகிய சொற்களின் வேறுபாட்டை விளக்குக. இவைபோல் ‘செல்’ என்னும் வினைக்கு எழுதுக.
3. கதையின் முடிவைக் கட்டுரையாசிரியர் ஏற்க மறுப்பது ஏன்?
4. உம் ஊரில் விலங்கின் பெயரால் அமைந்த இடப்பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் காரணத்தை எழுதுக.